சில்வராடோ, சியராவில் இன்ஜின் மாற்றிய பின் ஓடவில்லையா? சென்சாரையும் கம்ப்யூட்டரையும் அறிகுறி வைத்துச் சரிபார்க்கும் வழி

வளைகுடாவில் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருக்கும் நம்மவர்களிடம் அடிக்கடி வந்து நிற்கும் வேலை இது. வண்டி செவ்ரோலே சில்வராடோ, டாஹோ, இல்லை ஜிஎம்சி சியரா, யூக்கான். 5.3 லிட்டர் வி8 இன்ஜின் போய்விட்டது. உரிமையாளர் ஷார்ஜாவில் பழைய உதிரிபாகக் கடையில் இன்னொரு 5.3 வாங்கிக் கொடுத்திருப்பார். மெக்கானிக் அதை இறக்கி, கியர்பாக்ஸைச் சேர்த்து, ஆயில் கூலன்ட் ஊற்றி முடித்திருப்பார். அப்புறம் நம்மைக் கூப்பிடுவார்கள்: "எல்லாம் மாட்டியாச்சு, ஸ்டார்ட் மட்டும் ஆகல, கொஞ்சம் வந்து பாருங்க."

பழுதுபட்ட வண்டியும் இன்ஜின் மாற்றிய வண்டியும் ஒன்றில்லை. பழுதுபட்ட வண்டியில் நேற்று வரை வேலை செய்த ஒன்று இன்று கெட்டிருக்கும். இன்ஜின் மாற்றிய வண்டியில் எதுவுமே கெடாமல் இருக்கலாம். எல்லா சென்சாரும் நல்லதாகவே இருக்கும், ஆனால் அவை அனுப்பும் சிக்னலைப் படிக்க அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. இதைக் கவனிக்காமல் புதுப்புது சென்சாராக வாங்கி மாட்டிக்கொண்டே போனால் உரிமையாளரின் பணம்தான் கரையும். அதனால் எந்த அறிகுறிக்குப் போகும் முன்னும் வண்டி எந்தக் குடும்பம், வந்த இன்ஜின் எந்தக் குடும்பம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

இரண்டு குடும்பங்கள்

1999 முதல் 2007 வரையிலான பழைய உடல் வண்டிகளில் இருப்பது மூன்றாம் தலைமுறை இன்ஜின். ஜென் 3 என்போம். 2007இல் புதிய உடலோடு வந்த வண்டிகளில் ஜென் 4. அதே 2007இல் பழைய உடல் வண்டியும் 'கிளாசிக்' என்ற பெயரில் கூடவே விற்பனையானது. ஆகவே ஆண்டை மட்டும் கேட்டுவிட்டு முடிவு செய்யாதீர்கள். இரண்டு தலைமுறையிலும் 4.8, 5.3, 6.0 உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கும். மவுண்டிங்கும் உட்கார்ந்துவிடும். சிக்கலே அதுதான்.

உள்ளே உள்ள வேறுபாடுகளில் பெரியது, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டில் இருக்கும் பல் சக்கரம். ஜென் 3இல் அது 24எக்ஸ் வகை, ஜென் 4இல் 58எக்ஸ். பின்னதில் 60 பல்லுக்கான இடத்தில் இரண்டை விட்டு 58 பல் இருக்கும். அந்த இடைவெளியை வைத்துத்தான் கம்ப்யூட்டர் கிராங்க் எந்த நிலையில் நிற்கிறது என்று கண்டுபிடிக்கிறது. 24எக்ஸில் கணக்கு முற்றிலும் வேறு. அகலமும் குறுகலுமான பற்கள் மாறி மாறி வரும் ஒழுங்கை வைத்து அந்தக் கம்ப்யூட்டர் நிலையை அறிகிறது. சென்சாரின் நிறமும் வேறு: 24எக்ஸுக்குக் கறுப்பு, 58எக்ஸுக்குச் சாம்பல். கறுப்புக்கு 12 வோல்ட் போகும், சாம்பலுக்கு 5 வோல்ட்.

வால்வுகளை இயக்கும் கேம் தண்டின் நிலையைச் சொல்லும் கேம் சென்சார் ஜென் 3இல் பிளாக்கின் பின்பக்கம், இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்னால் நிற்கும். ஜென் 4இல் முன்பக்கம், டைமிங் கவரில். தட்டல் சத்தத்தைக் கேட்கும் நாக் சென்சார்கள் ஜென் 3இல் மேனிஃபோல்டுக்கு அடியில், நடுப் பள்ளத்தில். ஜென் 4இல் பிளாக்கின் இரு வெளிப்பக்கங்களிலும். இந்த இரண்டையும் பார்த்தாலே, கடையில் நின்றபடியே ஒரு நிமிடத்தில் இன்ஜினின் தலைமுறை தெரிந்துவிடும். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் வந்த சில ஜென் 4 இன்ஜின்களில் 24எக்ஸ் சக்கரமே இருந்ததால், பல் சக்கரத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கம்ப்யூட்டர் பக்கம் வந்தால், பழைய வண்டியில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒரே பெட்டி கவனிக்கிறது. 2002 வரை நீலமும் சிவப்புமாக இரண்டு கனெக்டர், 2003 முதல் நீலமும் பச்சையும். இவற்றின் கனெக்டரில் பின்கள் (ஊசிகள்) இருக்கும் அமைப்பு வேறு. ஆகவே நிறம் மாறிய பெட்டியை வாங்கி மாட்டப் பார்க்காதீர்கள். புதிய உடல் வண்டியில் இன்ஜினுக்குப் பெரும்பாலும் இ38 என்ற பெட்டி, கியர்பாக்ஸுக்குத் தனிப் பெட்டி. 6எல்80 கியர்பாக்ஸில் அந்தப் பெட்டி கியர்பாக்ஸுக்கு உள்ளேயே இருக்கும்.

செல்ஃப் எடுக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை, ஸ்கேனரில் ஆர்பிஎம் சுழியம்

இன்ஜின் மாற்றிய வண்டியில் அதிகம் பார்ப்பது இதைத்தான். ஸ்கேனரைப் போட்டு, செல்ஃப் எடுக்கும்போது ஆர்பிஎம் பாருங்கள். நல்ல பேட்டரியில் 150, 200 என்று காட்ட வேண்டும். சுழியமாகவே நின்றாலோ, 0, 600, 0 என்று குதித்தாலோ கிராங்க் சிக்னல் கம்ப்யூட்டருக்குப் புரியவில்லை. பி0335 அல்லது பி0336 எரர் கோடு விழுந்திருக்கும். விழாமலும் இருக்கலாம்.

ஒருமுறை என்னிடம் வந்த 2005 சியராவைச் சொல்கிறேன். மூன்று கிராங்க் சென்சார் மாற்றியாகிவிட்டது, மூன்றும் புதுசு. சென்சாரைப் பார்த்தேன், கறுப்பு. வண்டியும் 24எக்ஸ் வண்டி. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் சரி. 12 வோல்ட் வருகிறது, எர்த் இருக்கிறது, ஒயர் அறுந்திருக்கவில்லை. அரை நாள் ஒயரிங்கில் போனது. பிறகுதான் கேம் சென்சார் முன்பக்கம் இருப்பதைக் கவனித்தேன். வந்தது ஜென் 4 இன்ஜின். அதில் இருந்த சாம்பல் சென்சாரின் கனெக்டர் வண்டி ஒயரிங்கில் ஏறவில்லை என்று யாரோ அதைக் கழற்றிவிட்டுக் கறுப்பை மாட்டியிருக்கிறார்கள். கறுப்பு அந்த ஓட்டைக்குள் அழகாக உட்காரும், போல்ட்டும் ஏறும். உள்ளே சுழல்வது மட்டும் 58 பல் சக்கரம்.

அதிலிருந்து, வேறு ஒருவர் கை வைத்த இன்ஜினில் சென்சாரின் நிறத்தை நான் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை. ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றினால் அதற்குப் பின்னால், வண்டியின் வலப்பக்கம், கிராங்க் சென்சார் தெரியும். அதை உருவிவிட்டு, அந்த ஓட்டை வழியாக எண்டோஸ்கோப் கேமராவை விடுங்கள். இன்னொருவர் முன்பக்கப் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு இன்ஜினை மெதுவாகச் சுற்றட்டும். ஒரே வரிசையில் சீரான சிறு பற்கள் ஓடி, ஓரிடத்தில் மட்டும் இடைவெளி வந்தால் 58. ஒட்டிய இரண்டு வரிசைகளில் அகலப் பல்லும் குறுகிய பல்லும் கலந்து வந்தால் 24. இதற்கு அரை மணி நேரம் ஆகும். மூன்று சென்சாரின் விலையோடு ஒப்பிட்டால் மிச்சம்.

24எக்ஸ் வண்டியில் 58எக்ஸ் இன்ஜின்தான் இறங்கியிருக்கிறது என்று உறுதியாகிவிட்டால் நான்கு வழிகள். கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வார் என்றால் இன்ஜினை மாற்றிக்கொள்வதே நல்லது. உரிமையாளரிடம் இதைச் சொல்லத் தயங்க வேண்டாம், கழற்றி மாட்டும் கூலி கொடுத்தாலும் பின்னால் வரும் தொல்லை அவருக்கு இல்லை. அது நடக்காதென்றால், 58 பல் சிக்னலை வாங்கி 24 பல் சிக்னலாக மாற்றித் தரும் கன்வர்ட்டர் பெட்டிகள் விற்கின்றன. கேம் சிக்னலையும் அவையே மாற்றித் தரும். சாம்பல் சென்சாரைத் திரும்ப அதன் இடத்தில் வைத்து, பெட்டியை நடுவில் இணைத்தால் பழைய கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளும்.

மூன்றாவது வழி, பல் சக்கரத்தையே மாற்றுவது. அது கிராங்க் ஷாஃப்டில் அழுத்தி ஏற்றப்பட்டது. கிராங்க்கை வெளியே எடுக்காமல் முடியாது, கோணம் சிறிது தவறினாலும் டைமிங் போய்விடும். எப்படியும் இன்ஜினைப் பிரிக்கப்போகிறோம் என்றால் மட்டும் செய்யுங்கள். நான்காவது, ஜென் 4 கம்ப்யூட்டர், அதன் ஒயரிங், பெடல், கியர் பெட்டி என்று மொத்தத்தையும் கொண்டுவருவது. பழைய வண்டியின் மீட்டர் போர்டும் மற்றப் பெட்டிகளும் ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டின் 2ஆம் பின்னில் ஓடும் பழைய லைனில் பேசிக்கொள்பவை. புதிய கம்ப்யூட்டர் 6, 14 பின்களில் ஓடும் கேன் லைனில் பேசும். எனவே இன்ஜின் ஓடினாலும் மீட்டர் செத்திருக்கும். தினமும் வேலைக்கு ஓடும் வண்டிக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை.

வந்த ஜென் 4 இன்ஜினில் கேமை முன்பின் நகர்த்தும் விவிடி இருந்தால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 5.3இல் இது 2010 முதல் வந்தது. பழைய கம்ப்யூட்டருக்கு அதை இயக்கத் தெரியாது. கேமின் முன்னால் இருக்கும் அந்த அமைப்பை அசையாமல் பூட்டிவிட வேண்டும், இல்லையென்றால் கேமையும் முன் கியரையும் சாதாரண வகைக்கு மாற்ற வேண்டும். சும்மா விட்டுவிடாதீர்கள்.

ஸ்டார்ட் ஆகி இரண்டு வினாடியில் நின்றுவிடுகிறது

மீட்டர் போர்டில் செக்யூரிட்டி விளக்கைப் பாருங்கள். எரிந்தால் பெட்ரோலையும் சென்சாரையும் தேட வேண்டாம். பி1626, பி1631 போன்ற கோடுகள் இருக்கும். பழைய உடல் வண்டியில் திருட்டுத் தடுப்பு அனுமதியைக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பது இன்னொரு பெட்டி. இன்ஜினோடு சேர்த்துக் கம்ப்யூட்டரையும் மாற்றியிருந்தால் அந்தப் பெட்டியின் ரகசியச் சொல் இதற்குத் தெரியாது.

இதைக் கருவி இல்லாமலே கற்றுக்கொடுக்கலாம். சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்யுங்கள், நின்றுவிடும். சாவியை ஆன் நிலையிலேயே விடுங்கள். சுமார் 10 நிமிடத்தில் செக்யூரிட்டி விளக்கு அணையும். சாவியை ஆஃப் செய்து பத்து வினாடி கழித்து மீண்டும் அதே போல. மொத்தம் மூன்று முறை, அரை மணி நேரம். நான்காவது முறை ஸ்டார்ட் செய்தால் நிற்காமல் ஓட வேண்டும். பேட்டரிக்கு சார்ஜர் போட்டுவிட்டுச் செய்யுங்கள், நடுவில் வோல்ட் இறங்கினால் முதலிலிருந்து வர வேண்டியிருக்கும்.

வண்டியின் சொந்தக் கம்ப்யூட்டரையே வைத்திருந்து, செக்யூரிட்டி விளக்கும் எரியாமல் நின்றால் பெட்ரோல் பிரஷர் பாருங்கள். 55 முதல் 62 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும்.

ஓடுகிறது, ஆனால் செல்ஃப் நீளமாக எடுக்கிறது

கேம் சிக்னல் இல்லாவிட்டாலும் இந்த இன்ஜின்கள் ஓடும். ஸ்டார்ட் ஆகத்தான் நேரமெடுக்கும். பி0341, பி0342 இருக்கிறதா பாருங்கள். ஜென் 3இல் கேம் சென்சார் பின்னால், ஃபயர்வாலுக்கு நெருக்கத்தில் இருப்பதால் இன்ஜினை இறக்கும்போது அதன் ஒயர் நசுங்கிப்போவது சாதாரணம். முதலில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

"ரெட்யூஸ்டு இன்ஜின் பவர்" என்று போர்டில் வருகிறது, ஆக்சிலரேட்டர் வேலை செய்யவில்லை

எலக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள பழைய உடல் வண்டியில் பெடல், த்ராட்டில் பாடி, இரண்டுக்கும் நடுவில் ஃபயர்வாலில் இருக்கும் டிஏசி பெட்டி ஆகிய மூன்றும் ஒரே செட். வந்த இன்ஜினோடு வந்த த்ராட்டில் பாடியை அப்படியே விட்டிருந்தால் செட் கலைந்துவிடும். பி1516, பி2135 விழும். ஜென் 4இல் டிஏசி பெட்டியே கிடையாது, இன்ஜின் கம்ப்யூட்டர் நேராக த்ராட்டிலை இயக்குகிறது. அதனால் அந்த த்ராட்டில் பாடியின் கனெக்டரே வேறு.

தீர்வு எளிது: வண்டியிலிருந்து கழற்றிய பழைய இன்ஜினின் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்து இதில் மாட்டுங்கள். மேனிஃபோல்டில் போல்ட் அமைப்பு பொருந்தவில்லை என்றால் மேனிஃபோல்டோடு சேர்த்து மாற்றுங்கள். கனெக்டரை வெட்டி வேறு ஒன்றை ஒட்டி ஒப்பேற்ற வேண்டாம். த்ராட்டிலில் தவறு நடந்தால் வண்டி ரோட்டில் தானாக வேகமெடுக்கலாம், இல்லை திடீரென்று வேகம் செத்துப்போகலாம். டிரக்கில் சுமை ஏற்றிப் போகிறவர் உயிர் அதில் இருக்கிறது.

1999 முதல் சில ஆண்டுகள் கேபிள் த்ராட்டில் வண்டிகளும் வந்தன. அவற்றில் ஐடிலைக் கவனிப்பது தனி மோட்டார். கேபிள் வண்டிக்குக் கேபிள் த்ராட்டில்தான்.

பிக்கப் இல்லை, பெட்ரோல் குடிக்கிறது, பி0327 அல்லது பி0332

இது நாக் சென்சார். இன்ஜினில் தட்டல் சத்தம் வந்தால் அதைக் கேட்டு ஸ்பார்க் டைமிங்கைக் குறைக்கச் சொல்வது இதன் வேலை. ஜென் 3 சென்சார் குறிப்பிட்ட ஒரு அதிர்வெண்ணில் மட்டும் பலமாகப் பேசும் வகை, ஒற்றை ஒயர். ஜென் 4 சென்சார் அகலமான அதிர்வெண் வரிசையைச் சமமாக அனுப்பும் தட்டை வகை, இரண்டு ஒயர். அதிலிருந்து தட்டலைப் பிரித்தெடுக்கும் வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. பழைய கம்ப்யூட்டரில் அந்த வேலைக்கு ஆள் இல்லை. எனவே கம்ப்யூட்டர் எந்த வகையோ சென்சாரும் அதே வகையாக இருக்க வேண்டும். சிக்னல் வராதபோது கம்ப்யூட்டர் பயந்து டைமிங்கைப் பின்னால் இழுத்துவிடும். பிக்கப் போவது அதனால்தான்.

இன்ஜினும் வண்டியும் ஜென் 3ஆகவே இருந்து இந்தக் கோடு வந்தால் வேறு காரணம். மேனிஃபோல்டுக்கு அடியில் இருக்கும் அந்தக் குழிகளில், இன்ஜினைத் தண்ணீர் அடித்துக் கழுவும்போது நீர் இறங்கி சென்சாரைத் துருப்பிடிக்க வைக்கும். பின்பக்கத்தில் இருப்பதுதான் முதலில் போகும். இதற்காக நான் மெக்கானிக்குகளிடம் எப்போதும் கெஞ்சுவது: இன்ஜின் தரையில் இருக்கும்போதே மேனிஃபோல்டைத் தூக்கி இரண்டு சென்சாரையும் பார்த்துவிடுங்கள். வண்டிக்குள் போன பிறகு அதே வேலைக்கு மூன்று மணி நேரம். இறுக்குவது 20 நியூட்டன் மீட்டர் அளவுக்குத்தான். அதிகம் இறுக்கினால் சென்சாரின் கேட்கும் திறனே மாறிவிடும்.

ஒரு பக்கம் லீன் (பெட்ரோல் குறைவு), மறு பக்கம் ரிச் (பெட்ரோல் அதிகம்)

ஸ்கேனரில் ஃப்யூல் ட்ரிம் பாருங்கள், கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்று அது காட்டும். ஒரு பேங்க் (வி8இன் ஒரு பக்க நான்கு சிலிண்டர்) கூட்டல் 25, இன்னொன்று கழித்தல் 25 என்று எதிரெதிராக ஓடினால், அல்லது பி0171ம் பி0175ம் சேர்ந்து வந்தால், முன்பக்க ஆக்சிஜன் சென்சார் கனெக்டர்கள் இடவலம் மாறியிருக்கின்றன. இடப்பக்கத்துக்குப் பெட்ரோல் கூட்டினால் வலப்பக்க சென்சார்தான் அசையும். கம்ப்யூட்டர் குழம்பி இன்னும் கூட்டும். இந்த வி8இல் பேங்க் 1 என்பது ஓட்டுநர் பக்கம், 1, 3, 5, 7 சிலிண்டர்கள். கனெக்டரை மாற்றி மாட்டினால் அன்றே சரியாகும்.

இரண்டு பேங்க்கும் ஒரே திசையில் 10க்கு மேல் போனால் இன்ஜெக்டரையும் ஏர்ஃப்ளோ சென்சாரையும் யோசியுங்கள். வந்த இன்ஜினின் இன்ஜெக்டர் வேறு அளவு பெட்ரோல் விடுவதாக இருக்கலாம். 5.3 வண்டியில் 6.0 இன்ஜின் இறக்கியிருந்தாலும் புரோகிராமை மாற்றி ஏற்றாமல் விடக்கூடாது. 4.8ம் 5.3ம் ஒரே பிளாக் என்பதால் பிளாக்கின் வார்ப்பில் இரண்டு எண்ணும் சேர்ந்தே இருக்கும், அதை வைத்துப் பிரிக்க முடியாது. இன்ஜின் கழற்றப்பட்ட வண்டியின் சேஸிஸ் எண் கிடைத்தால் எட்டாவது எழுத்தைப் பாருங்கள். ஜென் 3 டிரக்கில் வி (V) என்றால் 4.8, டி (T) என்றால் 5.3, யூ (U) என்றால் 6.0.

இன்ஜின் சீராக ஓடுகிறது, பி0300 மட்டும் வருகிறது

காதுக்கு மிஸ்ஸிங் கேட்கவில்லை, புகை இல்லை, ஆனால் மிஸ்ஃபயர் கோடு. ஒவ்வொரு கிராங்க் பல் சக்கரத்திலும் நுண்ணிய வேறுபாடு இருக்கும். பழைய இன்ஜினுக்குப் படித்து வைத்ததைக் கம்ப்யூட்டர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறது. கூடவே பி1336 அல்லது பி0315 இருந்தால் உறுதி. ஸ்கேனரில் கிராங்க் ரீலேர்ன் எடுங்கள், புதிய சக்கரத்தைக் கம்ப்யூட்டர் மீண்டும் படித்துக்கொள்ளும். இன்ஜின் 70 டிகிரிக்கு மேல் சூடாகியிருக்க வேண்டும், ஏசி ஆஃப், கியர் பார்க்கில், பிரேக்கில் கால். ஸ்கேனர் சொன்னதும் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதியுங்கள். குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் கம்ப்யூட்டரே பெட்ரோலை வெட்டும். வெட்டிய அந்த நொடியே காலை எடுத்துவிடுங்கள்.

சம்பந்தமில்லாத ஏழெட்டு கோடுகள் ஒரே நேரத்தில்

ஏழு சென்சார் ஒரே நாளில் கெடாது. இரண்டு இடம் பார்த்தால் போதும். சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கத்திலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டை மாட்டப்பட்டிருக்கிறதா? இன்ஜின் இறக்கும்போது அதிகம் மறக்கப்படுவது அதுதான். செல்ஃப் எடுக்கும்போது இன்ஜின் பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் மல்டிமீட்டர் வைத்தால் 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

எர்த் சரி என்றால் அடுத்து 5 வோல்ட் லைன். பல சென்சார்கள் இதைப் பகிர்ந்துகொள்கின்றன, ஒன்று ஷார்ட் ஆனால் எல்லாம் விழும். மேப் சென்சார் (மேனிஃபோல்டின் காற்றழுத்தத்தை அளப்பது) கனெக்டரில் மீட்டர் வைத்துக்கொண்டு ஏசி பிரஷர் சென்சார், ஆயில் பிரஷர் சென்சார் என்று ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி. கூலன்ட் வெப்பம் கழித்தல் 40 என்று காட்டினால் ஷார்ட் இல்லை, அந்த ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது கனெக்டரே மாட்டவில்லை.

பி3401, பி3425, பி3441, பி3449 நான்கும் சேர்ந்து வந்தால் ஒயரைத் தேடாதீர்கள். ஜென் 4 வண்டியில் சுமை குறைந்தபோது 1, 4, 6, 7 சிலிண்டர்களை நிறுத்தும் ஏஎஃப்எம் அமைப்பை அந்தக் கம்ப்யூட்டர் தேடுகிறது, வந்த இன்ஜினில் அது இல்லை. புரோகிராமில் அதை அணைக்க வேண்டும். மாறாக இன்ஜினில் ஏஎஃப்எம் இருந்தும் அது கம்ப்யூட்டருக்குத் தெரியாவிட்டால் தொல்லை இல்லை, எட்டு சிலிண்டரும் எப்போதும் ஓடும்.

ஆயில் பிரஷர் மீட்டர் கீழே கிடக்கிறது

கோடு எதுவும் இல்லை, சத்தமும் இல்லை, முள் மட்டும் கீழே. ஏஎஃப்எம் உள்ள இன்ஜின் என்றால் பிளாக்கின் பின்புறம் ஆயில் பிரஷர் சென்சாரைக் கழற்றுங்கள். அதன் ஓட்டைக்குள் ஒரு சிறு வலை வடிகட்டி இருக்கும். நாள்கணக்கில் கடையில் கிடந்த இன்ஜினில் அது கசடு அடைத்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வலையை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். ஆனால் அதற்கு முன், சென்சார் ஓட்டையில் கைமுறை பிரஷர் கேஜ் ஒன்றை மாட்டி இன்ஜினை ஓட்டிப் பாருங்கள். கேஜிலும் முள் எழவில்லை என்றால் உடனே ஆஃப் செய்துவிடுங்கள். அது எலக்ட்ரீஷியன் வேலை இல்லை, பம்ப் பக்கம் போக வேண்டும், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.